சொட்டு விழாத மோரிஸ்

லியாகத் அலி காரை விற்றுவிட்டார். அது ஏன் ஓட மறுக்கிறது என்ற கேள்வியையும் சேர்த்து விற்க அவருக்கு மனம் வரவில்லை.

மாதவரம் தாண்டி நெடுஞ்சாலையோரம் புதிதாகத் திறக்கப்போகும் ஓட்டல் ஒன்றுக்கு அந்த மோரிஸ் மைனர் போகிறது. ஓட்டுவதற்கு அல்ல. வாசல் வளைவின்மேல் தூக்கி நிறுத்தி, சீரியல் விளக்குகளைச் சுற்றி, பசியோடு போகிறவர்களின் கண்ணை இழுப்பதற்கு. வளைவு அதிக கனம் தாங்காது, இஞ்சினும் கியர் பாக்ஸும் வேண்டாம், வெறும் கூடு போதும் என்று ஓட்டல் மேனேஜர் நிதிஷ் சொல்லியிருந்தான். சனிக்கிழமை மாலை அஸர் தொழுகை நேரத்துக்கு லாரி வரும். அதற்குள் இரண்டையும் இறக்கியாக வேண்டும்.

"இது ஒரு வேலையா பாய்?" என்றார் ஜெயவேல். வியாசர்பாடியிலிருந்து வந்திருந்த மெக்கானிக். அம்பாசிடரில் கை பழகி, இப்போது கால் டாக்சிகளைப் பார்த்துக்கொண்டிருப்பவர். ராயபுரம் வீட்டின் முன்முற்றத்தில் நின்ற பச்சை மோரிஸை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பானெட்டைத் தட்டினார். "மத்தியானத்துக்குள்ள ரெண்டும் வெளிய வந்துடும். ஜோடியா அப்டியே காயலாங்கடைக்கு ஏத்திடலாம்."

"ஜோடியா வேணாம். பிரிக்கணும்."

"பழைய இரும்புக்குப் போறதுங்களுக்கு விவாகரத்து இன்னாத்துக்கு பாய்?"

"உள்ள பாக்கணும்."

"பாத்து?"

"தெரிஞ்சுக்கணும்."

ஜெயவேல் தலையைச் சொறிந்தார். பைத்தியக்கார ஓனர்கள் அவருக்குப் புதிதல்ல. ஸ்பானர் பையை அவிழ்த்தார்.

தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். இரண்டு வருஷத்துக்கு முந்தைய டிசம்பர் புயலில், எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் மிதந்து வந்த அந்த வாரத்தில், ராயபுரத்துச் சந்துகளிலும் தண்ணீர் நின்றது. மோரிஸின் இருக்கைவரை ஏறி வடிந்தது. வண்டியைப் பிரித்துக் கழுவிப் பூட்டினார்கள். திருவொற்றியூர் வரை ஜோராக ஓடிற்று. சில மாதங்களில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இஞ்சின் அலறும், வண்டி நகராது, கருகல் நாற்றம் வரும். கிளட்ச் தட்டை மாற்றினால் கொஞ்ச நாள் ஓடும், பிறகு பழையபடி வழுக்கும். கடைசியாக மின்ட் மேம்பாலத்தின் ஏற்றத்தில், பின்னால் மாநகரப் பேருந்து விடாமல் ஹாரன் அடிக்க, லியாகத் அலியின் மனைவி ரஹீமுன்னிசா இறங்கித் தள்ளினாள்.  மறுநாள் நிதிஷின் எண்ணை எங்கிருந்தோ அவளே வாங்கி வந்தாள்.

ஆனால் லியாகத் அலியைக் குடைந்தது கிளட்ச் அல்ல, எண்ணெய். அளவுக் கம்பியை இழுத்துப் பார்க்கும்போதெல்லாம் இஞ்சின் எண்ணெய் குறைந்திருக்கும். ஊற்றுவார். மறுபடி குறையும். போவது எங்கே? ஓடுகிற இஞ்சினின் புகைக்குழாய் வாயில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்துப் பார்த்தார். எண்ணெய் படியவில்லை. வண்டிக்கு அடியில் செய்தித்தாளை விரித்துவிட்டுப் படுத்தார். காலையில் தாள் கடையில் வாங்கியது போலவே இருந்தது. புயலுக்கு முன்னால் அந்த இடத்தில் எப்போதும் கறுப்பாக ஒரு வட்டம் இருக்கும். ரஹீமுன்னிசா சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துச் சலித்திருக்கிறாள். புயலுக்குப் பிறகு ஒரு சொட்டு விழுந்ததில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர்தான் அவரும். பெருமை மெல்ல மெல்லச் சந்தேகமாக மாறியிருந்தது.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் கயிறும் சங்கிலியும் கொக்கியும் விற்கிற கடை அவருடையது. வருகிற லாஞ்சுப் படகு ஓனர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தார்: "உள்ள போவுது. வெளிய வர்ல. அப்ப எங்க கீது?"

"நோம்புக்கு ராவுல எழுந்து ஸஹர் குடிக்குது போல பாய்," என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள். பதில் கிடைக்கவில்லை.

ஜெயவேல் ரேடியேட்டரிலிருந்து தண்ணீரை இறக்கிவிட்டு இஞ்சின் எண்ணெயை இறக்கும்போது, வாசலில் மூன்று சக்கர மீன்பாடி வண்டியின் கடகடப்புக் கேட்டது. அதன்மேல் மூன்று சவுக்குக் கம்பங்கள், பாரம் தூக்குகிற ஒரு செயின் பிளாக், அவற்றின்மேல் காஜா மொய்தீன்.

"இன்னா மச்சான், எனக்கு ஒரு சேதி சொல்லக்கூடாதா? அக்கா போன் பண்ணித்தான் தெரியுது."

காஜா மொய்தீன் ரஹீமுன்னிசாவின் தம்பி. காசிமேட்டில் லாஞ்சு இஞ்சின் மெக்கானிக். புயலுக்குப் பிறகு மோரிஸைப் பிரித்துப் பூட்டியது அவர்தான், இரண்டு முறை கிளட்ச் தட்டு மாற்றியதும் அவர்தான். மச்சினன் கை வைத்த வண்டியை இன்னொருவரிடம் காட்டினால் அவருக்கு மனசு கஷ்டப்படும் என்று லியாகத் அலி இத்தனை நாளும் வேறு மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. விற்ற பிறகு அந்தக் கட்டுப்பாடு இல்லையென்று அவராகவே முடிவு செய்திருந்தார்.

"இவரு ஜெயவேலு. பழைய வண்டி வேல தெரிஞ்சவரு."

"டாக்சி மெக்கானிக்கா?" காஜா வேட்டியை மடித்துக் கட்டினார். "நடுக்கடல்ல நின்னுபோன இஞ்சின ஓட வெச்சவன் நானு."

"நைனா, இது ரோட்டுல நின்னுபோனது," என்றார் ஜெயவேல்.

"ரெண்டு பேரும் அங்கியே சண்ட போட்டுகினு இருங்க. லாரி வந்து நிக்கட்டும்," என்று சமையலறை ஜன்னலிலிருந்து ரஹீமுன்னிசாவின் குரல் வந்தது.

வேலை ஆரம்பித்தது. பானெட், ரேடியேட்டர், முன்பக்கத் தகடு எல்லாம் சுவரோரம் சாய்ந்தன. கார்புரேட்டரும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் கோணிமேல் உட்கார்ந்தன. முன் இருக்கைகளைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, நடுவிலிருந்த தகட்டு மூடியைக் கழற்றியதும், கியர் பாக்ஸ் வண்டியின் வயிற்றுக்குள் நீளவாக்கில் படுத்திருப்பது தெரிந்தது. லியாகத் அலி எட்டிப் பார்த்தார். இத்தனை வருஷம் அதன் பக்கத்தில் முழங்காலை வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார், முகம் பார்த்தது இன்றுதான்.

"எண்ணெய் கொறச்சலாத்தான் எறங்குச்சு பாய்," என்றார் ஜெயவேல். "எப்ப ஊத்துன?"

"மின்ட் பாலத்துக்குப் போறதுக்கு முந்தின நாளு. அதுக்கப்புறம் வண்டி நகரவே இல்ல."

"ஆவியாவா போவும்?"

"அத்தத்தான் நானும் கேட்டுகினு கீறேன்."

ஜெயவேல் வண்டிக்கு அடியில் போனார். பின்சக்கரத்துக்குப் போகிற தண்டைக் கழற்றும் சத்தம் வந்தது. பிறகு குரல் மட்டும் வந்தது. "கிளட்ச் கூட்டுக்கு அடியில பித்தளை திருகு ஒண்ணு மின்னுது. ஷோக்கா கீதே. ஆரு போட்டது?"

"நம்ம கைவேல," என்றார் காஜா. "மரை வெட்டி, பக்காவா இறுக்கினது. லாஞ்சு சாமான்."

"அம்பாசிடர்ல அந்த எடத்துல…" என்று ஜெயவேல் ஆரம்பித்தார். அதற்குள் கியர் எண்ணெய் அவர் கன்னத்தில் வழிந்தது. பேச்சு வசவாக மாறி, துணி தேடுவதில் முடிந்தது.

கம்பங்களின் தலைகளைச் சேர்த்துக் கட்டி, காரின் மூக்குக்கு இருபுறமும் கால் பரப்பி நிறுத்தியது காஜாவின் வேலை. முடிச்சை இறுக்கியபின் கம்பத்தில் தொங்கிப் பார்த்தார். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. செயின் பிளாக்கின் சங்கிலியை அவர் இழுக்க இழுக்க, இஞ்சின் முன்பக்கத்தை உயர்த்தி, வாலாகக் கியர் பாக்ஸை இழுத்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக எழுந்தது. பாதியில் நின்றது. இன்னும் இரண்டு இழுப்பில் காரின் முன்சக்கரங்களும் சேர்ந்து எழும்பப் பார்த்தன.

"நிறுத்து, நிறுத்து! எங்கியோ புடிச்சுகினு கீது!"

ஜெயவேல் கீழே படுத்துப் பார்த்தார். கியர் பாக்ஸிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகிற எர்த் கம்பிப் பட்டையைக் கழற்ற மறந்திருந்தார்கள்.

"தொப்புள்கொடிய அறுக்காம புள்ளைய இஸ்துகினு இருந்தீங்களா?" என்றாள் ரஹீமுன்னிசா ஜன்னலிலிருந்து.

"அக்கா, நீ மேல இருந்து பாத்துகினு மட்டும் இரு," என்றார் காஜா.

பட்டை கழன்றதும் இரண்டும் துள்ளி மேலே வந்தன. காரைப் பின்னுக்குத் தள்ளினார்கள். அது இருந்த இடத்தில் இஞ்சின் மட்டும் அந்தரத்தில் மெல்லச் சுழன்றது. பழைய லாரி டயர் ஒன்றின்மேல் அதை இறக்கினார்கள். லியாகத் அலி காரின் முன்பகுதியைக் குனிந்து பார்த்தார். இஞ்சின் இருந்த இடத்தின் வழியே முற்றத்துச் சிமெண்டுத் தரை தெரிந்தது. நிதிஷுக்கு வேண்டியது இதுதான். இந்த நிமிஷமே லாரி வந்தாலும் ஏற்றி அனுப்பிவிடலாம்.

"லுஹர் தொழுதுட்டு வந்துடறேன்," என்றார். "அதுக்கு முன்னால பிரிக்காதீங்க. நான் பாக்கணும்."

பகல் தொழுகை முடிந்து திரும்பி வந்தபோது இருவரும் தரையில் உட்கார்ந்து, ரஹீமுன்னிசா கொடுத்த சாப்பாட்டை முடித்துவிட்டு, அம்பாசிடர் பெரிதா லாஞ்சு பெரிதா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

இஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் விளிம்பைச் சுற்றி இருந்த போல்ட்டுகளை ஜெயவேல் கழற்றினார். எல்லாம் கழன்றன. இரண்டும் பிரியவில்லை. மரச் சுத்தியால் தட்டினார். அசையவில்லை.

"மறந்த போல்ட்டு ஏதாவது?" என்றார் லியாகத் அலி.

"இல்ல பாய். சுத்தியும் கறுப்பா இன்னாவோ பூசிக் கீது. தாரு மாரி."

காஜா தொண்டையைச் செருமினார். "அது லாஞ்சுக்குப் பூசற பேஸ்ட்டு. கடலே வந்து முட்டினாலும் உள்ள போவாது. அவ்ளோ சீக்கிரம் வராது."

"மொத தபா தட்டு மாத்தசொல்ல வந்துச்சா?" என்றார் ஜெயவேல்.

"வந்துச்சு. அதனாலதான் ரெண்டாவது தபா இன்னும் ரொம்ப பூசினேன்."

ஜெயவேல் கத்தியைச் செருகி விளிம்பு முழுக்க அறுத்தார். காஜா கியர் பாக்ஸைக் கையில் தாங்கிக்கொண்டார். "நேரா இஸ்து நைனா, தொங்க உடாத, தட்டு வளஞ்சிடும்," என்றார் ஜெயவேல். "தெரியும், தெரியும்," என்றார் காஜா. விரலளவு இடைவெளி விழுந்தது.

அதன் வழியே எண்ணெய் வந்தது.

முதலில் நூலாக வந்தது. காஜா இன்னும் கொஞ்சம் இழுத்ததும் கன்னங்கரேலென்று கொட்டியது. ஒரு சொம்பளவு இருக்கும் என்று நினைத்தால், இன்னொரு சொம்பும் பின்னாலேயே வந்தது. டயரை நனைத்து, முற்றத்தின் சரிவில் ஓடி, பூச்செடித் தொட்டிவரை போய்த் தேங்கியது. ரஹீமுன்னிசா ஜன்னலில் அலறினாள். லியாகத் அலி கைலி நனைவதைக் கவனிக்காமல் மண்டியிட்டு, விரலில் தொட்டு, முகர்ந்து பார்த்தார்.

"தோ கீது!" என்றார். தொலைந்த பிள்ளை கிடைத்தது போல் இருந்தது அவர் குரல். "ஊத்துனது அத்தினியும் இங்கதான் கீது!"

கியர் பாக்ஸ் முழுதாக வெளியே வந்தது. கிளட்ச் தட்டு எண்ணெயில் ஊறி, ஓரம் கருகி, அடுப்பில் மறந்துவிட்ட அப்பளம் மாதிரி இருந்தது.

"வழுக்காம இன்னா செய்யும்?" என்றார் ஜெயவேல். "இஞ்சின் பின்னாடி லீக்கு. ஆனா இந்த வண்டிங்க அல்லாமே அங்க கொஞ்சம் லீக்காவும் பாய். ரப்பர் சீலே கெடையாது. அதுக்காக இப்டி கொளமா கட்டி நிக்காதே…"

அவருக்கே விளங்கவில்லை. இஞ்சினின் பின்புறத்தைத் துடைத்துப் பார்த்தார். கிளட்ச் கூட்டுக்குள் டார்ச் அடித்தார். லியாகத் அலியும் தலையை நுழைத்தார். காஜா தள்ளி நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வாளியும் சோப்புத்தூளுமாக ரஹீமுன்னிசா இறங்கி வந்துவிட்டாள். "என் முத்தத்த இன்னா கலீஜு பண்ணி வெச்சிருக்கீங்க! தொட்டி மாரி உள்ள தேங்குதுன்னா தண்ணி போற ஓட்ட எங்க? கொழாயடியிலகூட ஒரு ஓட்ட வெச்சுத்தானே கட்டுறாங்க?"

டார்ச் வெளிச்சம் தானாகவே கூட்டின் அடிமட்டத்துக்கு இறங்கியது. அங்கே, ஆகத் தாழ்ந்த புள்ளியில், பித்தளைத் திருகின் நுனி உள்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது.

ஜெயவேல் ஸ்பானரைப் போட்டுத் திருகைக் கழற்றினார். மிச்சமிருந்த எண்ணெய் அந்த ஓட்டை வழியாகச் சொட்டியது. ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"அம்பாசிடர்ல இந்த எடத்துல ஒரு வளஞ்ச பின்னு தொங்கும்," என்றார் மெதுவாக. "வண்டி ஆடசொல்ல அதுவும் ஆடும். ஓட்டையில சேறு அடைக்காது. கசியறது கீழ சொட்டிடும்."

"பின்னு இருந்துச்சு," என்றார் காஜா. யாரும் கேட்காமலே சொன்னார். "தொளதொளன்னு ஆடிகினு இருந்துச்சு. எவனோ பாதியில உட்டுட்டுப் போயிட்டான்னு கழட்டிப் போட்டேன். ஓட்ட வேற தெறந்து கெடக்கு. வெள்ளத்துல அது வழியாத்தானே தண்ணி ஏறிச்சு? அடச்சேன்."

"அதே ஓட்டையில எறங்கிடும் நைனா."

"லாஞ்சுல அடியில ஓட்டைய உட்டா ஆளு சாவான்யா!"

"இது லாஞ்சு இல்லியே."

"தட்டு மாத்தசொல்ல உள்ள எண்ணெ இருந்துச்சா?" என்று கேட்டார் லியாகத் அலி. கோபமில்லாமல், கடையில் கயிற்றின் முறுக்கைச் சோதிக்கிற குரலில் கேட்டார்.

"இருந்துச்சு மச்சான். கழட்டசொல்ல கியர் எண்ணெ கொட்டிச்சுன்னு நெனச்சேன். தொடச்சிட்டு…" காஜா கறுப்புப் பேஸ்ட்டைப் பார்த்தார். "இன்னும் நல்லா அடச்சேன்."

ரஹீமுன்னிசா சிரித்துவிட்டாள். பாலத்தில் வண்டியைத் தள்ளியவள் அவள், சிரிக்க அவளுக்கு உரிமை இருந்தது. லியாகத் அலி சிரிக்கவில்லை. எழுந்து வாசலைப் பார்த்தார். சந்து முனையில் ஒரு லாரி பின்னோக்கி வருகிற பீப் சத்தம் கேட்டது.

நிதிஷ் உற்சாகமாக உள்ளே வந்தான். இஞ்சின் இல்லாத காரைச் சுற்றிப் படமெடுத்தான். "சூப்பர் சார். ரெடியா இருக்கு. ஏத்திடலாமா?"

லியாகத் அலி அவனுக்கு நாற்காலி போடச் சொன்னார். அவன் உட்காரவில்லை.

"தம்பி, வண்டிய குடுக்க முடியாது."

"சார்? பேசி முடிச்சிட்டோமே. ஓனர்கிட்ட சொல்லியாச்சு. வளைவே கட்டியாச்சு."

"நான் உங்கிட்ட ஓடாத வண்டின்னு சொல்லித்தானே வித்தேன்?"

"ஆமா."

"இது ஓடற வண்டி."

நிதிஷ் டயர்மேல் கிடந்த இஞ்சினைப் பார்த்தான். தனியே கிடந்த கியர் பாக்ஸைப் பார்த்தான். எண்ணெயில் நின்ற மூன்று பேரையும் பார்த்தான். "சார், இஞ்சின் தரையில இருக்கு."

"இன்னிக்கி தரையில கீது," என்றார் ஜெயவேல்.

"வாக்குக் குடுத்துட்டு இப்டி சொன்னா நான் எங்க சார் போவேன்? திங்கக்கெழம திறப்பு விழா. வளைவு மேல எதை வைக்கிறது, என்னையா?"

 கொடுத்த வாக்கை மாற்றிப் பேசியவர் என்று துறைமுகத்தில் ஒருவரும் லியாகத் அலியைச் சொன்னதில்லை. ரஹீமுன்னிசாவைப் பார்த்தார். வண்டியை விற்கச் சொன்னவள் அவள். அவள் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, ஏற்றிக்கொள் என்று சொல்ல வாயெடுத்தார். முற்றத்தின் நடுவில் பித்தளைத் திருகு கிடந்தது. அதைக் காஜா குனிந்து எடுத்தார்.

"தம்பி, ஓட்டல்ல மீன் போடுவீங்களா?"

"மீன் வறுவல்தான் ஸ்பெஷல்," என்றான் நிதிஷ், அழுகிற முகத்தோடு.

"மீன் கடைக்கு மேல காரு இன்னாத்துக்குப்பா? கார்ல போயா மீன் புடிக்கிறாங்க?" காஜா தன் போனில் ஒரு படத்தைத் தேடி நீட்டினார். "என் படகு. ஃபைபர். புயல்ல மூக்கு ஒடஞ்சுது. ஒட்டு போட்டு, சாயம் அடிச்சு வெச்சிருக்கேன். கடலுக்குப் போவாது, ஆனா பாக்க மாப்புள மாரி இருக்கும். கனமும் இல்ல, நாலு பேரு தூக்கிடலாம். வளைவு மேல வெச்சு, வலைய தொங்க உடு. பசங்க ஏறி போட்டோ புடிக்கட்டும்."

நிதிஷ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். நீலமும் மஞ்சளுமாக இருந்தது. மூக்கில் ஒரு கண் வரைந்திருந்தது. வெளியே போய் ஓனரோடு நீண்ட நேரம் பேசினான். திரும்பி வந்து, "மழத்தண்ணி உள்ள தேங்கி வளைவு இறங்கிடாதே?" என்று கேட்டான்.

"சொட்டு தண்ணி நுழை…" என்று ஆரம்பித்த காஜா நிறுத்திக்கொண்டார். ஜெயவேலைப் பார்த்தார். "அடியில ஒரு ஓட்ட போட்டுத் தரேன்."

லாரி மோரிஸ் இல்லாமல் காசிமேட்டுப் பக்கம் திரும்பியது. வழி காட்ட முன்னிருக்கையில் காஜா ஏறிக்கொண்டார்.   அஸருக்கு நேரமாகிவிட்டது என்று லியாகத் அலி அவருக்குக் கை காட்டினார்.

புதுத் தட்டோடு மோரிஸைப் பூட்ட ஜெயவேலுக்கு அடுத்த வாரம் வரை ஆயிற்று. விளிம்பில் பேஸ்ட் கிடையாது. கூட்டின் அடி ஓட்டையில் ஒரு சாதாரண வளைந்த பின், தொளதொளவென்று தொங்கியது. மின்ட் பாலத்தின் ஏற்றத்தை மோரிஸ் இரண்டாவது கியரில் ஏறியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரஹீமுன்னிசா செருப்பைக் கழற்றாமல், இறங்கத் தயாராகவே இருந்தாள். பாலத்தின் உச்சி தாண்டிய பிறகுதான் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை முற்றம் பெருக்க வந்தவள் காருக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். சிமெண்டில் பொட்டளவு ஒரு கறுப்பு. விளக்குமாற்றை அதன்மேல் படாமல் ஒதுக்கிக்கொண்டு உள்ளே குரல் கொடுத்தாள்.

"ஏங்க, வந்து பாருங்க. வந்துடுச்சு."

லியாகத் அலி வருவதற்குள், நாஷ்டாவுக்கு வந்திருந்த காஜா முந்திக்கொண்டார். குந்தி உட்கார்ந்து அந்தப் பொட்டையே பார்த்தார். மேலே பின் தொங்குகிற இடத்தைப் பார்த்தார். அங்கே அடுத்த சொட்டு திரண்டு, விழலாமா வேண்டாமா என்று நின்றிருந்தது. அவருடைய வலது கை தானாகவே சட்டைப் பைக்குப் போயிற்று. அந்தப் பித்தளைத் திருகை அவர் இன்னும் வைத்திருந்தார்.

"காஜா," என்றாள் ரஹீமுன்னிசா.

"சும்மா பாத்தேன்க்கா," என்று கையை வெளியே எடுத்தார்.